சின்ன கட்டட கான்ட்ராக்டருக்குக் கட்டற்ற மென்பொருள்: வேலூர்ப் பக்கம் யாராவது ஓட்டுகிறீர்களா?

பாலாற்றங்கரை (காட்பாடி)
ஞாயிறு, இரவு 10.40

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறவன், எழுதுவது முதல் தடவை. அப்பா மேஸ்திரியாக ஆரம்பித்த தொழிலை நான் கான்ட்ராக்டாக நடத்துகிறேன். இப்போது மூன்று சைட் ஓடுகிறது: சத்துவாச்சாரியில் ஒரு வீடு, குடியாத்தத்தில் ஒரு மண்டபத்துக்கு மேல்தளம், ஆற்காடு தாண்டி ஒரு அரசுப் பள்ளிக்குக் காம்பவுண்டுச் சுவர். ஆபீஸ் என்றால் நான், என் வீட்டுக்காரி, ஒரு சைட் இன்ஜினியர் தம்பி. அவ்வளவுதான்.

கணக்கு மூன்று இடத்தில் இருக்கிறது. சரக்கு வரவு சைட் நோட்டில். ஆள் கணக்கு வாட்ஸ்அப் குரூப்பில். வரி, பில் எல்லாம் ஆடிட்டர் ஆபீஸில், டாலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில். இந்த மூன்றும் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை.

போன மாதம் சத்துவாச்சாரியில் ரூஃப் போடுகிற அன்றைக்கு விடிகாலை ஷெட்டைத் திறந்தால் 38 மூட்டை சிமெண்ட் குறைகிறது. நோட்டில் வரவு இருக்கிறது, கடை பில் இருக்கிறது, மூட்டை இல்லை. மிக்சர் வந்து நிற்கிறது, ஆள் 22 பேர் நிற்கிறார்கள். தெரிந்த கடைக்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வேலையை முடித்தோம். சாயந்திரம் வாட்ச்மேன் பெரியவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இதற்கு முன்னால் ஒரு மொபைல் ஆப் மாதச் சந்தாவில் வைத்திருந்தேன். பேர் வேண்டாம். இரண்டாம் வருஷம் சந்தாவை ஏற்றினார்கள். சரி, என் கணக்கைக் கொடுங்கள், போகிறேன் என்றால் பிடிஎஃப் ஆகத்தான் வரும் என்றார்கள். 14 மாத ஆள் கணக்கு, எல்லாம் படமாக. அதனால்தான் கேட்கிறேன்: கட்டற்ற மென்பொருளில், அதாவது யாரும் எடுத்து ஓட்டலாம், மாற்றலாம் என்று திறந்து விட்டிருக்கிறதில், நம் மாதிரி சின்ன ஆட்களுக்கு எது சரிப்படும்? எனக்கு புரோகிராம் தெரியாது. எக்செல் நன்றாகத் தெரியும்.

டெர்மினல்_தம்பி (அரக்கோணம்)
ஞாயிறு, இரவு 11.02

அண்ணே, ஈஆர்பிநெக்ஸ்ட் போடுங்க. ஸ்டாக், பில், கணக்கு எல்லாம் ஒரே இடத்துல இருக்கும். நம்ம நாட்டு சாஃப்ட்வேர், மும்பையில ஃப்ராப்பேன்னு ஒரு கம்பெனி பண்றாங்க. ஜிபிஎல் மூன்றாம் பதிப்புங்கிற கட்டற்ற லைசன்ஸ், முழுசா ஃப்ரீ. உபுண்டு லினக்ஸ்ல அரை மணி நேரத்துல ஏத்திடலாம்.

ஆற்காட்டுக் கணக்கன்
திங்கள், காலை 7.15

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டைப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் தினமும் தீனி போடப்போவது நீங்கள். அரை மணி நேரத்தில் ஏற்றலாம் என்கிற தம்பி, ஒன்றரை வருஷம் கழித்து மார்ச் 30ஆம் தேதி ராத்திரி அது திறக்காமல் நின்றால் வருவாரா?

நான் 19 வருஷமாகக் கான்ட்ராக்டர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். டாலியை விடாதீர்கள். அது கட்டற்றது இல்லைதான், காசு கொடுத்து வாங்குவதுதான். ஆனால் அதைத் தெரிந்த ஆள் ஆற்காட்டில் தெருவுக்கு நாலு பேர். ஒருவர் போனால் இன்னொருவர்.

இன்னொன்று. உங்கள் 38 மூட்டைக்கு நீங்கள் கேட்கிற மருந்து கணக்கு சாஃப்ட்வேரில் இல்லை. அது குடோன் வியாதி. வரவு எழுதுகிறீர்கள், செலவு எழுதுவதில்லை. எந்த சாஃப்ட்வேரும் எழுதாததைக் காட்டாது.

அரசு வேலை பில்லை எப்படிப் பதிகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேதான் பணத்தை விடுகிறார்கள். பில் 10,00,000 என்று வையுங்கள். ஜிஎஸ்டி 18% சேர்த்து 11,80,000. தனிநபர் பேரில் கான்ட்ராக்ட் என்றால் வருமான வரிப் பிடித்தம் 1%, அதாவது 10,000. ஒப்பந்தம் இரண்டரை லட்சத்துக்கு மேல் என்பதால் ஜிஎஸ்டி டிடிஎஸ், அதாவது ஜிஎஸ்டிக்கான பிடித்தம் 2%, 20,000. தொழிலாளர் நல நிதி 1%, 10,000. ஒப்பந்தப்படி ரிட்டென்ஷன் (பிறகு தருவதாக நிறுத்தி வைக்கிற பணம்) 5% என்றால் 50,000. கைக்கு வருவது 10,90,000.

இந்த 90,000த்தை அப்படியே 'குறைந்து வந்தது' என்று ஒரே வரியில் எழுதி வைத்திருப்பார்கள். அதில் 10,000 வருமான வரியில் கழியும். 20,000 உங்கள் ஜிஎஸ்டி கேஷ் லெட்ஜரில் வந்து உட்காரும், போர்ட்டலில் ஏற்றுக்கொண்டால்தான். 50,000 பிறகு வரும், கேட்டால்தான். உண்மையில் போனது நல நிதி 10,000 மட்டும். நாலும் நாலு கணக்கு. நீங்கள் எதைப் போட்டாலும் இந்த நாலையும் தனித்தனியாக வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

டெர்மினல்_தம்பி
திங்கள், காலை 7.31

வருவேன் சார். அரக்கோணத்துல இருந்து காட்பாடிக்கு எத்தனை ட்ரெயின் இருக்கு.

கம்பிக்கணக்கு (ராணிப்பேட்டை)
திங்கள், இரவு 9.50

நான் சிவில் இன்ஜினியர். நானும் என் அண்ணனும் சேர்ந்து சிப்காட் பக்கம் ஷெட், சின்ன தொழிற்சாலைக் கட்டடம் எல்லாம் எடுக்கிறோம். இரண்டு வருஷமாக ஈஆர்பிநெக்ஸ்ட்தான். அதனால் நல்லது கெட்டது இரண்டையும் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் கெட்டது. அதில் கட்டட வேலைக்கென்று தனியாக எதுவும் இல்லை. ஐட்டம், குடோன், பர்ச்சேஸ், புராஜெக்ட், இன்வாய்ஸ் என்று பொதுவாக இருக்கும். முடித்த வேலையை அளந்து எழுதுகிற அளவுப் புத்தகம் கிடையாது, முடிந்த வரைக்கும் போடுகிற பார்ட் பில் கிடையாது. நீங்களாக ஒரு படிவம் உருவாக்கிக்கொள்ளலாம், அதற்குப் புரோகிராம் எழுத வேண்டாம், எக்செல்லில் தலைப்பு போடுகிற மாதிரிதான். ஆனாலும் அதை யோசித்துச் செய்ய ஆள் வேண்டும். ஜிஎஸ்டிக்கு இந்தியா கம்ப்ளையன்ஸ் என்று தனி ஆப் ஏற்ற வேண்டும், சம்பளத்துக்குத் தனி ஆப். 14ஆம் பதிப்பிலிருந்து இவற்றைப் பிரித்துவிட்டார்கள். இது தெரியாமல் ஒரு வாரம் ஜிஎஸ்டியை எங்கெங்கோ தேடினோம்.

நாங்கள் செய்த பெரிய முட்டாள்தனம் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியது. ஏப்ரல் 1 அன்று ஸ்டாக், கணக்கு, ஆள், பில் அத்தனையும் புதிதில். மே மாதம் பாதியில் என் அண்ணன் பழைய நோட்டை மறுபடி எடுத்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை, மேஜை டிராயரில் ஒளித்து வைத்து எழுதினார். ஜூலையில்தான் கண்டுபிடித்தேன். அந்த நோட்டுதான் சரியாக இருந்தது என்பது வேறு கதை.

பிறகு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஸ்டாக்கை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு சைட்டும் ஒரு குடோன். கடையிலிருந்து வந்தால் ரசீது. ஒரு சைட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் டிரான்ஸ்ஃபர். வேலையில் கலந்துவிட்டால் இஷ்யூ. இந்த மூன்று மட்டும். ஆறு மாதம் வேறு எதையும் தொடவில்லை.

அளவுதான் தலைவலி. எம் சாண்டை குவாரியில் எடை போட்டு டன்னில் பில் போடுகிறார்கள். சைட்டில் மேஸ்திரி யூனிட்டில் பேசுகிறார். 100 கன அடி ஒரு யூனிட், கிட்டத்தட்ட நாலரை டன் என்று போட்டு வைத்தேன். ஈரமாக வந்தால் தண்ணீரும் எடையில் சேர்ந்துவிடும். இரண்டு மழைக்குப் பிறகு கணக்கில் அரை லோடு மணல் 'காணாமல்' போனது. எங்கேயும் போகவில்லை, தண்ணீர் ஆவியாகிவிட்டது! இப்போது மணலை யூனிட்டில் மட்டும் வைக்கிறோம். லாரி தொட்டியை டேப் வைத்து அளந்து எழுதுவார்கள்.

கம்பி அப்படியில்லை, சுத்தமாக வரும். விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும், உங்களுக்கே தெரியும். 12 எம்எம் என்றால் 0.889. ஒரு கம்பி 12 மீட்டர், 10.67 கிலோ. டன்னில் வாங்கி எண்ணிக்கையில் கொடுக்க ஐட்டத்திலேயே மாற்று அளவு போட்டுவிடலாம். ஒரு டன்னுக்கு 94 கம்பிக்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே வரும். அதற்குமேல் குறைந்தால் கடைக்காரரைக் கேளுங்கள். நாங்கள் கேட்டோம். ஒரு தடவை கேட்டதோடு அடுத்த லோடு சரியாக வந்தது.

ஒரு செட்டிங் மட்டும் கேளுங்கள். ஸ்டாக் மைனஸில் போக அனுமதிக்கலாமா என்று ஒரு டிக் இருக்கும். தொல்லை தாங்காமல் எல்லாரும் அதை டிக் செய்துவிடுவார்கள். செய்யாதீர்கள். இல்லாத மூட்டையைச் செலவு எழுத முடியாது என்று அது சண்டை போடுவதுதான் உங்களுக்கு வேண்டிய விஷயம்.

ஆற்காட்டுக் கணக்கன்
திங்கள், இரவு 10.12

மேடம் சொன்ன டிராயர் நோட்டுக்கு ஒரு கும்பிடு. நான் வேலை பார்க்கிற எல்லா ஆபீஸிலும் அப்படி ஒரு நோட்டு உண்டு.

எம்புக்_ஐயா (வாலாஜா)
செவ்வாய், காலை 5.48

நான் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மென்பொருள் எதையும் பயன்படுத்தியதில்லை. ஒரு சந்தேகம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

எங்கள் அளவுப் புத்தகத்தில், எம் புக் என்போம், பக்கம் எண்ணிட்டிருக்கும். ஒரு பக்கத்தைக் கிழிக்க முடியாது. தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, ரப்பர் வைத்திருந்தாலே திட்டு விழும். குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் சரியான அளவு, ஒரு சுருக்கொப்பம். பழையதும் தெரிய வேண்டும், யார் மாற்றினார் என்றும் தெரிய வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வடாற்காடு ஒரே மாவட்டம். ஒரு பாலத்துக்கு 11 வருஷத்துக்குப் பிறகு ஒரு கேள்வி வந்தது. அந்தக் கோடு போட்ட எண்தான் என்னைக் காப்பாற்றியது.

எக்செல்லில் ஒரு எண்ணை மாற்றினால் பழைய எண் போய்விடுகிறது. என் பேரனின் கணினியில் பார்த்தேன். அதனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நீங்கள் சொல்கிற மென்பொருளில் கோடு போடுவதற்கு வழி உண்டா?

கம்பிக்கணக்கு
செவ்வாய், காலை 8.20

ஐயா, அருமையான கேள்வி. ஈஆர்பிநெக்ஸ்ட்டில் ஒரு பதிவைச் சமர்ப்பித்துவிட்டால் அப்புறம் அதன் எண்ணைத் திருத்த முடியாது. ரத்து செய்து, திருத்திய நகல் ஒன்றைப் போட வேண்டும். ரத்தானது ரத்தானதாகவே உள்ளே இருக்கும், புதியதின் எண்ணில் பழையதின் எண்ணும் ஒட்டிக்கொண்டு வரும். யார், எப்போது என்பதும் கீழே இருக்கும். எங்கள் சைட் பையன் முதல் மாதம் இதற்காகவே என்னைச் சபித்தான்.

பிரைவேட் லிமிடெட் வைத்திருப்பவர்களுக்கு இது விருப்பம் இல்லை, கட்டாயம். 2023 ஏப்ரல் 1லிருந்து கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தத் தடம் அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று விதி. பாலாற்றங்கரை அண்ணன் தனிநபர் தொழில் என்றால் அது பொருந்தாது.

எம்புக்_ஐயா
செவ்வாய், காலை 8.41

அப்படியானால் அதை எழுதியவன் யாரோ எம் புக் எழுதியவன்தான்.

தோல்ஷாப்_கட்டிடம் (வாணியம்பாடி)
செவ்வாய், மாலை 6.05

எல்லாரும் ஈஆர்பிநெக்ஸ்ட் என்கிறீர்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன், யாரும் பேர்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்: டோலிபார். பிரான்ஸில் பிறந்தது, பிஎச்பியில் எழுதியது, இதுவும் ஜிபிஎல்தான். சாதாரண வெப்சைட் போடுகிற ஹோஸ்டிங்கிலேயே ஓடும். ஆபீஸ் விண்டோஸ் மெஷினில் போட டோலிவாம்ப் என்று ஒரே கோப்பாகவும் கிடைக்கிறது. நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், லினக்ஸ் பக்கமே போகவில்லை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், பார்ட் பில் இதில் இருக்கிறது. அவர்கள் அதை 'நிலைமை பில்' என்கிற மாதிரி ஒரு பேரில் கூப்பிடுகிறார்கள். முதல் பில்லில் கடைக்கால் 100%, சுவர் 30% என்று போட்டால், அடுத்த பில்லில் சுவர் 70% என்று மாற்றினால் போதும், நடுவில் உள்ள 40%க்கு மட்டும் தொகை வரும். போன பில்லைக் கழிக்கிற வேலை நமக்கு இல்லை. ரிட்டென்ஷனுக்கும் இடம் இருக்கிறது. பிரான்ஸில் கட்டட வேலைக்கு 5% வரை ஒரு வருஷம் பிடித்து வைக்கலாம் என்று 1971லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள், அந்த வழக்கத்துக்காக எழுதியது நமக்குப் பொருந்திவிட்டது. எங்கோ பிரான்ஸில் ஒரு கொத்தனாருக்கும் நம்மைப் போலத்தான் பணத்தை நிறுத்தி வைக்கிறார்கள் என்று பார்த்தபோது ஒரு ஆறுதல்.

செட்டிங்கில் போய் அந்த வசதியை முதலில் இயக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணிலேயே படாது.

குறை: ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு அப்படியே ஏற்றுகிற மாதிரி எதுவும் வராது. மாநில வரி, மத்திய வரி இரண்டையும் பில்லில் பிரித்துக் காட்ட வைத்துவிட்டேன், அதற்கு மேல் எக்செல்லில் எடுத்து ஆடிட்டருக்கு அனுப்புகிறேன். அவர் டாலியில் போட்டுக்கொள்கிறார். ஆற்காட்டு சார் கேட்ட நாலு கணக்கு இதில் நேராக வராது.

சும்மா_கேட்டேன்
செவ்வாய், மாலை 6.30

ஓடூ என்கிற சாஃப்ட்வேர் பற்றி யாரும் பேசவில்லையே? யூடியூபில் அதைத்தானே காட்டுகிறார்கள். கட்டட வேலைக்கென்றே ஆப் எல்லாம் விற்கிறார்கள்.

கம்பிக்கணக்கு
செவ்வாய், இரவு 9.15

நல்ல மென்பொருள், பார்க்க அழகு. ஆனால் அதில் இரண்டு வகை. கம்யூனிட்டி பதிப்பு மட்டும்தான் கட்டற்றது, எண்டர்பிரைஸ் சந்தா. யூடியூபில் காட்டுவது பெரும்பாலும் எண்டர்பிரைஸ். கம்யூனிட்டியில் பில் போடலாம், ஆனால் முழுக் கணக்கு, பேலன்ஸ் ஷீட் எல்லாம் நேராக வராது. ஓசிஏ என்ற தன்னார்வக் கூட்டமைப்பு எழுதிய துணை ஆப்களை வைத்து நிரப்ப வேண்டும். பதிப்பு மாறும்போது கம்யூனிட்டிக்காரர்களுக்கு மாற்றும் வேலையும் அவர்கள் பாடு. மாதச் சந்தாவில் சூடு பட்ட அண்ணனுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

பாலாற்றங்கரை
புதன், இரவு 11.20

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சில கேள்வி.

குடியாத்தம் சைட்டில் நெட் சரியாக வராது. அணைக்கட்டு மலைப் பக்கம் ஒரு வேலை பேசிக்கொண்டிருக்கிறேன், அங்கே சுத்தமாக இல்லை. என்ன செய்வது?

ஆள் கணக்கு எப்படி? எனக்கு ஒரே சைட்டில் மூன்று ராஜா இருக்கிறார்கள். பீகார்ப் பசங்கள் பேரை ஒவ்வொரு மேஸ்திரியும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்.

சர்வரை வீட்டிலேயே வைக்கலாமா? பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது.

டெர்மினல்_தம்பி
வியாழன், காலை 6.50

அண்ணே, மூணாவதுக்கு நான் பதில் சொல்றேன். கத்துக்கிறதுக்கு வீட்டு மெஷின் ஓகே. 4 ஜிபி ராம் இருந்தா ஓடும். நிஜக் கணக்குக்கு வேண்டாம். கரண்ட் போகும், நெட் போகும், சைட்ல இருந்து உள்ள வர வழி பண்ணணும்னா ரவுட்டர்ல கதவைத் திறந்து வைக்கணும், அது ஆபத்து. வாடகை சர்வர் ஒண்ணு எடுங்க, இல்லேன்னா அந்தக் கம்பெனியே வாடகைக்குக் கொடுக்கிற ஃப்ராப்பே கிளவுட்லயே வைங்க. அப்போ மாசம் காசு போகும்தான். ஆனா பழைய ஆப் மாதிரி இல்ல. முழு டேட்டாபேஸையும் பேக்கப் எடுத்து வேற எங்க வேணா ஏத்திக்கலாம். சந்தா ஏறுச்சுன்னா டாட்டா காட்டிட்டுப் போயிடலாம்.

பேக்கப் தானா எடுக்கும், ஆனா அதே சர்வர்லதான் வைக்கும். வீடு எரிஞ்சா பீரோவுக்குள்ள இருக்கிற சாவியும் எரியும் இல்ல? அதனால தினமும் வேற இடத்துக்கு ஒரு காப்பி. வாரம் ஒரு தடவை பென்டிரைவ். மாசம் ஒரு தடவை அந்த காப்பியை உங்க பழைய மெஷின்ல ஏத்திப் பாருங்க. பழைய மெஷினுக்கு அதுதான் வேலை.

காலேஜ்ல ஒரு கடைக்கு இதைப் பண்ணிக் கொடுத்தேன். பேக்கப் எடுத்தேன், ஒரு நாளும் ஏத்திப் பார்க்கல. வேணும்ங்கிற அன்னிக்குப் பார்த்தா கோப்பு பாதிதான் இருந்தது. ஆற்காட்டு சார் கேட்ட கேள்வி எனக்கு உறைச்சதுக்குக் காரணம் அதான்.

ஆற்காட்டுக் கணக்கன்
வியாழன், காலை 7.05

தம்பி, இதை முதல் நாளே எழுதியிருந்தால் நான் மாட்டைப் பற்றிப் பேசியிருக்க மாட்டேன்.

கம்பிக்கணக்கு
வியாழன், இரவு 10.00

நெட் இல்லாத இடத்துக்கு ஓடிகே கலெக்ட் என்று ஆண்ட்ராய்டு ஆப் இருக்கிறது, அதுவும் கட்டற்றது. கேள்விகளைத் தமிழிலேயே வைத்து ஒரு படிவம் செய்யலாம். நெட் இல்லாமல் நிரப்பிச் சேமித்து வைத்து, ரோட்டுக்கு வந்ததும் அனுப்பிவிடலாம். அங்கிருந்து எக்செல்லாக எடுத்து உள்ளே ஏற்றுகிறேன். தானாகப் போகிற மாதிரி செய்யலாம் என்கிறார்கள், நான் செய்யவில்லை. சனிக்கிழமை பட்டுவாடாவுக்கு முன்னால் நானே ஒரு தடவை கண்ணால் பார்ப்பது நல்லதாகத்தான் இருக்கிறது.

பேருக்கு நம்பர் வையுங்கள். ஹெல்மெட்டில் பெயிண்டால் எழுதினோம். ராஜா 7, ராஜா 12, ராஜா 31. மேஸ்திரி நம்பரை மட்டும் தட்டுவார். கொத்தனார், பெரியாள், சித்தாள் என்று கூலி வகை நம்பரோடு ஒட்டியிருக்கும். முழு முறை, அரை முறை, ஓவர் டைம், அட்வான்ஸ். அவ்வளவுதான் கேள்வி. ஐந்தாவது கேள்வி சேர்த்தால் நிரப்ப மாட்டார்கள். ஆதார் நகலை எல்லாம் இதில் ஏற்றி வைக்காதீர்கள், தேவையில்லாத வம்பு.

கணக்கை இப்போதைக்கு டாலியிலேயே விடுங்கள். இதைச் சொல்வது எனக்கே கொஞ்சம் சங்கடம்தான், ஆனால் உங்கள் ஆடிட்டரோடும் சாஃப்ட்வேரோடும் ஒரே சமயத்தில் மல்லுக்கட்ட முடியாது. ஸ்டாக்கில் ஆரம்பியுங்கள். சிமெண்ட், கம்பி இரண்டு மட்டும். ஆணி, கட்டுக்கம்பி எல்லாம் எழுத வேண்டாம்.

சிமெண்ட்டுக்குப் பழைய பில் ஏற்றுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. 2025 செப்டம்பர் 22க்கு முன் 28%, அன்றிலிருந்து 18%. ஐட்டத்தில் வரியை மாற்றிவிட்டுப் பழைய தேதி பில்லைப் போட்டால் புது வரியில் வந்து நிற்கும்.

பாலாற்றங்கரை
வெள்ளி, காலை 6.10

சிமெண்ட், கம்பி. சரி. தம்பி, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்துவிடு. பிரியாணியா மீனா?

டெர்மினல்_தம்பி
வெள்ளி, காலை 6.11

ஆம்பூர் பிரியாணின்னா முதல் ட்ரெயின்லயே வரேன்.

பாலாற்றங்கரை
ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.30

இழையை மறுபடி எழுப்புவதற்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

தம்பி வந்து ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று குடோன், இரண்டு ஐட்டம். முதல் இரண்டு வாரம் அன்றாட வரவு செலவு மட்டும் போட்டோம். வீட்டுக்காரிதான் போடுகிறாள், நான் செய்ததைவிடச் சுத்தமாக. நேற்று உட்கார்ந்து, அந்த ரூஃப் மாதத்தையும் ஏற்றிப் பார்க்கலாமே என்று பழைய நோட்டை எடுத்தாள். பழைய தேதி போட ஒரு டிக் இருக்கிறது, அது தெரியாமல் முதல் பத்துப் பதிவு நேற்றைய தேதியில் விழுந்து, எல்லாவற்றையும் ரத்து செய்து மறுபடி போட்டாள். எம்புக் ஐயா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், அத்தனையும் கோடு.

சத்துவாச்சாரி போட்டு முடித்தாள். குறைவு 38, தெரிந்ததுதான். பிறகு குடியாத்தம். அங்கே வாங்கியது 120 மூட்டை. பீம் காங்கிரீட்டுக்குச் செலவு என்று இன்ஜினியர் தம்பி கன அளவு கணக்குப் போட்டு நோட்டில் எழுதியிருந்தது 158. ஒரு கன மீட்டருக்கு எட்டு மூட்டை கணக்கு, தப்பில்லை. 158ஐத் தட்டினாள். சிவப்பாக ஒரு பெட்டி வந்து நின்றது. இந்தக் குடோனில் இன்னும் 38 மூட்டை இருந்தால்தான் இதைப் போட முடியும் என்கிறது.

38.

அவள் ஒன்றும் சொல்லவில்லை, திரையை என் பக்கம் திருப்பினாள். வண்டி வாடகை வவுச்சரைத் தேடினேன். ரூஃபுக்கு ஒன்பது நாள் முன்னால் சின்ன யானை ஒன்று, 'சத்து - குடி', 1,400 ரூபாய், என் கையெழுத்து. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. குடியாத்தத்தில் பீமுக்கு மூட்டை பத்தவில்லை என்று இன்ஜினியர் தம்பி போன் செய்தான், நான் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன், சத்துவாச்சாரியிலிருந்து ஏற்றிக்கொள் என்று நானேதான் சொன்னேன்.

இன்று காலை கழிஞ்சூரில் பெரியவர் வீட்டுக்குப் போனேன். சாவியைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். அவர் சம்சாரம் காபி கொடுத்தது. அவர் ரொம்ப நேரம் சாவியைத் தொடவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார்: "இனிமே மூட்டை வெளிய போனா என் கையில ஒரு சீட்டு வரணும். அதுல நான் படிக்கிற மாதிரி எழுதியிருக்கணும்." நாளையிலிருந்து வருகிறேன் என்றார்.

அதனால் இப்போது ஒரு உதவி வேண்டும். டிரான்ஸ்ஃபருக்கு ஒரு பிரிண்ட் படிவம் தமிழில் செய்தேன். திரையில் நன்றாகத் தெரிகிறது. பிடிஎஃப் எடுத்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகிறது. நாளைக் காலை ஏழு மணிக்குள் வேண்டும்.

டெர்மினல்_தம்பி
ஞாயிறு, இரவு 9.44

அண்ணே, சர்வர்ல தமிழ் ஃபான்ட் இல்ல, அதான். உங்க கம்ப்யூட்டர்ல இருக்கு, அதனால திரையில தெரியுது. பிடிஎஃப் சர்வர்ல தயாராகுது. நோட்டோ தமிழ் ஏத்திட்டுக் கூப்பிடறேன், பத்து நிமிஷம்.

பாலாற்றங்கரை
ஞாயிறு, இரவு 10.07

வந்துவிட்டது. 'சிமெண்ட் மூட்டை' என்று தெளிவாக இருக்கிறது. எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக வேண்டும், அவர் கண்ணாடி போடுவதில்லை.

டெர்மினல்_தம்பி
ஞாயிறு, இரவு 10.09

எவ்ளோ பெருசு?

பாலாற்றங்கரை
ஞாயிறு, இரவு 10.10

தினத்தந்தி தலைப்பு மாதிரி.